ஐந்தாம் வருடத்து ஐந்து கேள்விகள்

விசில் மூன்று முறை அலறியது.

அந்த நீச்சல் குளத்தில் ஒரு விசில் என்றால் விளிம்பில் ஓடாதே என்று அர்த்தம். இரண்டு என்றால் எல்லாரும் கரையேற வேண்டும். மூன்று என்றால் யாரோ மூழ்குகிறார்கள்.

அப்பாவிடம் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடலாம் என்று உள்ளே நுழைந்த சின்னவள், கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

காலை ஏழரை மணி வெயில் கண்ணாடிக் கூரை வழியாக இறங்கித் தண்ணீரில் பட்டு, சுவர் முழுக்க வலை வலையாக ஆடிக்கொண்டிருந்தது. ஆழமான பக்கத்தில் நடுவயதுப் பெண்மணி ஒருவர், காலில் தசை பிடித்து, நின்ற நிலையிலேயே மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்தார். கத்தவில்லை. மூழ்குகிறவர்களுக்குக் கத்த மூச்சு இருக்காது. சத்தத்தைத் தேடாதே, சத்தமில்லாத இடத்தைத் தேடு. அப்பா முப்பது வருடமாக இந்தக் குளத்தில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான்.

அப்பா நுழைவுச்சீட்டு மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நான்கு எட்டு வைத்தார். விளிம்புக்கு இன்னும் இரண்டே எட்டு.

அங்கே நின்றார். அவர் கை அடிவயிற்றுக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததை வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால், சின்னவள் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பாள். அப்பா குளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். விறுவிறுவென்று நடந்தார். ஆண்கள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நல்லவேளை, புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர் பெண் குதித்துவிட்டாள். மூழ்கிய பெண்மணியைக் கரையில் உட்கார வைத்ததும் அவர் இருமினார், பிறகு வெட்கத்தோடு சிரித்தார், எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். ஐந்து நிமிடத்தில் குளம் பழையபடி தளும்ப ஆரம்பித்தது.

பெஞ்சில் துண்டைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்கள் மட்டும் கழிப்பறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம தலைவருக்குத் தண்ணின்னா பயம் வந்துடுச்சு போலிருக்கு."

"கத்தி பட்ட உடம்பு இல்லையா. எல்லாம் அதோட போச்சு."

சின்னவள் அவர்களைத் தாண்டிப் போனாள். அப்பாவின் மேஜையிலிருந்து கழிப்பறைக் கதவு வரை கால்கள் தாமாக எண்ணின. ஒன்பது எட்டு. இந்த மேஜை முன்பெல்லாம் வாசலில்தான் இருந்தது. வாசல் காற்று ஆகவில்லை என்று அப்பாவே அதை இங்கே நகர்த்திப் போட்டு ஐந்து வருடம் ஆகிறது.

கதவை ஒட்டி, தொலைந்துபோன நீச்சல் கண்ணாடிகளைப் போட்டு வைக்கும் அலமாரி. சாவி அப்பாவிடம்தான் இருக்கும். அவசரத்தில் பூட்டாமல் விட்டிருந்தார்.

உள்ளே கண்ணாடிகள் இல்லை. சாம்பல் நிறப் பேன்ட் மூன்று, ஒரே நிறம், ஒரே துணி, மடிப்புக் கலையாமல் ஒன்றன்மேல் ஒன்று. பக்கத்தில் சோப்பு. ஒரு கட்டுப் பஞ்சுத் துணி. நாலாவது பேன்ட் இருந்த இடம் காலியாக இருந்தது.

அப்பாவுக்கு ஒரே பேன்ட்தான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அக்கா நீலத்தில் ஒன்று, காப்பிக்கொட்டை நிறத்தில் ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். அவர் தொட்டதில்லை. ராசியான நிறம்மா என்று சொல்லிச் சிரிப்பார்.

உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நெடுநேரம் ஓடியது.

அவர் வெளியே வருமுன் சின்னவள் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். தெருவுக்கு வந்து கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தபோது, அப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். அதே சாம்பல் நிறம். மடிப்பு மட்டும் புதுசு.

* * *

போன வாரத்திலிருந்தே சின்னவளுக்கு மனசு சரியில்லை. அதற்குக் காரணம் வேறு.

அவள் வேலை பார்ப்பது நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில், அறுவைசிகிச்சைப் பிரிவின் கடைக்கோடி அறையில். வெளியே 'தொடர் விசாரிப்பு' என்று பலகை தொங்கும். குடலில் புற்றுநோய் வந்து கட்டியை வெட்டி எடுத்தவர்களை ஐந்து வருடம், வருடத்துக்கு ஒருமுறை, போனில் கூப்பிட்டு விசாரிப்பது அவள் தொழில். இருக்கிறார்களா. நோய் திரும்பியதா. எப்படி இருக்கிறார்கள். வரும் பதிலையெல்லாம் டாக்டர் வாரியாகப் பட்டியலில் ஏற்ற வேண்டும். எந்தக் கை நல்ல கை என்று ஆஸ்பத்திரிக்குத் தெரிவது அந்தப் பட்டியலிலிருந்துதான்.

பட்டியலில் அப்பாவும் ஒருவர். ஐந்து வருடத்துக்கு முன் அவருக்கு மலக்குடலில், மிகவும் கீழே, கட்டி. ஆபரேஷன் செய்தது அக்காவின் கணவர், இவளுக்கு மாமா, ஆஸ்பத்திரியின் பெயர் பெற்ற சர்ஜன். சொந்த மாமனாரைத் தொடாதே என்று கூட இருந்த டாக்டர்களெல்லாம் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. என் மாப்பிள்ளை கை பட்டால்தான் படுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மூன்று மாதம் வயிற்றில் மலம் சேரும் பையோடு இருந்தார். பிறகு பையை எடுத்துக் குடலை உள்ளே சேர்த்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மாமாவின் கை ஒரு தனி ஆள் மாதிரி ஆகிவிட்டது. அக்கா அவரை ஊறுகாய் பாட்டில்கூடத் திறக்க விடுவதில்லை. மாமா கத்தியை எடுத்து ஒரு ஆப்பிளை வெட்டினால் போதும், பதறிக்கொண்டு ஓடி வருவாள்.

ஐந்தாம் வருடம் ஒருவருடைய ஃபைலை மூடுவதற்கு முன், பழைய காகிதக் கட்டிலிருந்து ஆபரேஷன் குறிப்பை எடுத்து ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் பிரிவுத் தலைவரான மாமாவின் பெயர்தான் இருக்கும். கத்தி பிடித்தவர் பெயர் கையெழுத்துக் குறிப்பில் இருக்கும். போன புதன்கிழமை அப்பாவின் கட்டைப் பிரித்தாள். மாமாவின் எழுத்து எறும்பு ஓடுவது போலச் சரிந்து ஓடும். அந்தக் குறிப்பில் இருந்ததோ குண்டு குண்டான எழுத்து. கீழே இருந்தது வேறொரு பெயர். நாலு வருடத்துக்கு முன் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்ட பெண் டாக்டரின் பெயர்.

ஒரு வாரமாக அவள் அதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கும்வரை அது நடக்காத மாதிரி இருந்தது.

இரவுகளில் ஒரே கனவு வந்தது. சின்னப் பெண்ணாகக் குளத்தில் மல்லாந்து கிடக்கிறாள். முதுகுக்கு அடியில் அப்பாவின் உள்ளங்கை. காது தண்ணீருக்குள் இருக்கிறது. உலகம் தூரத்தில் எங்கோ முணுமுணுக்கிறது. மிதக்கச் சொல்லிக் கொடுக்கும்போது அப்பா எப்போது கையை எடுப்பார் என்று யாருக்குமே தெரியாது. எடுத்துவிட்டேன் என்று சொல்லவும் மாட்டார். கை இருக்கிறது என்று நம்பிக்கொண்டே பிள்ளைகள் மிதப்பார்கள்.

கனவில் அவள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

* * *

ஒன்பது மணிக்கு அக்கா போன் செய்தாள். அக்காவுக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. முத்திரை குத்திக் குத்தி, பேச்சும் அப்படித்தான் விழும்.

"மூணு மணிக்கு அப்பாவோட ஸ்கேன் ரிசல்ட் தர்றாங்க. அரை நாள் லீவு போட்டுட்டேன். வாங்கிட்டு நேரா உன் ரூமுக்கு வர்றேன். ஃப்ரேமும் ரெடி."

"என்ன ஃப்ரேம்?"

"உங்க மாமா கை. தூங்கும்போது ஃபோட்டோ எடுத்தேன்டி. ரெண்டு கையும் தலகாணி மேல, அப்படியே குழந்தை மாதிரி. பெருசா போட்டிருக்கேன். இன்னைக்குச் சாயங்காலம் ஹால்ல மாட்டறோம். அப்பாதான் மாட்டணும்."

ரிசல்ட் இன்னும் வரவில்லையே என்றாள் சின்னவள். அதெல்லாம் நல்லாத்தான் வரும், யாரு கைன்னு நினைச்சே என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

சின்னவள் கம்ப்யூட்டரில் அப்பாவின் பக்கத்தைத் திறந்தாள். கட்டியை எடுத்த அன்று பரிசோதனைக் கூடத்தில் எடுத்த படம் அதில் இருந்தது. நீலத் துணி, பக்கத்தில் ஒரு அளவுகோல், நடுவில் அப்பாவின் ஒரு துண்டு. மலக்குடலைச் சுற்றி மெல்லிய சவ்வு போர்த்திய ஒரு கொழுப்புறை இருக்கும். நோய் கசிந்தால் முதலில் அதற்குள்தான் கசியும். அவசரக் கை அதைக் கிழித்துவிடும். கிழிந்தால் பிற்பாடு நோய் திரும்ப வழி. நல்ல கை உறை கலையாமல் மொத்தமாக எடுக்கும். இந்தப் படத்தில் உறை, எண்ணெய் தடவினதைப் போல வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. 'முழுமை' என்று எழுதியிருந்தார்கள். ஓரங்களில் நோய் இல்லை. சுற்றியிருந்த பதினெட்டு நிணநீர் முடிச்சு எடுத்துப் பார்த்ததில் ஒன்றிலும் நோய் இல்லை.

யாருடைய கையோ. மிக நல்ல கை.

படத்துக்குக் கீழே வருடாவருடம் அப்பா சொன்ன பதில்கள் இருந்தன. ஐந்து கேள்வி. காற்று பிரிவதை அடக்க முடியாமல் போகிறதா. கசிவு உண்டா. ஒரு நாளைக்கு எத்தனை முறை. போய்வந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா. ஓடவேண்டிய அளவுக்கு அவசரம் வருகிறதா.

இல்லை. இல்லை. இரண்டு முறை. இல்லை. இல்லை.

நாலு வருடமும் அதே பதில். கீழே கட்டி வந்து மலக்குடலை எடுத்தவர்களில், ஒரு தொந்தரவும் இல்லை என்று சொன்ன ஒரே ஆள் அப்பாதான். மலத்தைத் தேக்கி வைக்கும் குடல் பகுதியே போன பிறகு, உடம்பு எப்படிப் பழையபடி இருக்கும்? இத்தனை பேரை விசாரித்தவளுக்கு அது ஏன் உறைக்கவில்லை? மாமாவின் கை என்று அவளும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சத்தமில்லாத இடத்தைத் தேடு என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் பட்டியலிலேயே சத்தமில்லாத இடம் இதுதான்.

இன்றோடு ஐந்து வருடம் முடிகிறது. மாலை ஐந்து மணிக்கு ஃபைல் மூடும். அதற்குப் பிறகு அப்பாவைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஒருவருக்கும் வேலை கிடையாது. கண்ணால் பார்த்ததை அவளாக எழுதவும் முடியாது. நோயாளி வாயால் சொன்னதை மட்டுமே ஏற்ற வேண்டும் என்பது அந்த அறையின் முதல் விதி.

* * *

மாமா ஆபரேஷன் அறைக்கு வெளியே, நீளமான எஃகுத் தொட்டியில் முழங்கை வரை கை கழுவிக்கொண்டிருந்தார். அந்த வராந்தாவில் வெளிச்சம் எப்போதும் பச்சையும் நீலமுமாக இருக்கும். பேசினால் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்கும்.

"ஒரு வாரமா என் கையையே பாத்துட்டிருக்கே" என்றார், திரும்பாமலே. "கேக்கறதுன்னா கேட்டுடு தவளை."

தவளை என்பது அப்பா வைத்த பெயர். எத்தனை சொல்லிக் கொடுத்தும் சின்னவளுக்குத் தவளை நீச்சல் ஒன்றுதான் வந்தது.

"குண்டு குண்டு எழுத்து மாமா" என்றாள்.

அவர் குழாயை முழங்கையால் மூடினார். கைகளை மேலே தூக்கியபடி, விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். பிறகு ரொம்பச் சாதாரணமாக, யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வது போலச் சொன்னார்.

உடம்பு முழுக்கத் துணி போர்த்தி, வயிறு மட்டும் ஒரு சதுரமாகத் தெரியும்படி விட்டிருந்தார்கள். அந்தச் சதுரம் இருந்தால் போதும், அது யாருடைய வயிறு என்று அவருக்கு மறந்துவிடும். எப்போதும் அப்படித்தான். அன்று அந்தச் சதுரத்துக்குள், விலாவுக்குக் கீழே, பழைய தழும்பு ஒன்று இருந்தது. கல்யாணம் நிச்சயமான புதிதில் மாமாவுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தபோது, வழுக்கி விழப்போனவரைப் பிடிக்கப் பாய்ந்து, குளத்து ஓட்டு விளிம்பில் அப்பா கிழித்துக்கொண்ட தழும்பு.

"கை நடுங்கிச்சு. இருபது வருஷத்துல முதல் தடவை. நிக்கும்னு பாத்தேன். நிக்கல. அடுத்த தியேட்டர்ல இருந்து அந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவங்க நாலு மணி நேரம் பண்ணினாங்க. நான் உடை மாத்தற ரூம்ல உக்காந்திருந்தேன். அப்புறம் வார்டுல தினமும் வந்து அவரைப் பாத்துக்கிட்டதும் அவங்கதான்."

"அக்காகிட்ட ஏன் சொல்லல?"

"வெளிய வந்தேன். உங்கக்கா ஓடி வந்து ரெண்டு கையையும் பிடிச்சு முகத்துல வச்சுக்கிட்டு அழுதா. முதல் நிமிஷத்துலயே சொல்லியிருக்கணும். ரெண்டாவது நிமிஷம் வந்துடுச்சு. அப்புறம் அஞ்சு வருஷம் வந்துடுச்சு."

சின்னவளுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அந்தப் பச்சை வெளிச்சத்தில் அவர் தூக்கிப் பிடித்திருந்த கைகளைப் பார்க்க, சரணடைந்து நிற்கிறவரைப் பார்ப்பது போல இருந்தது.

அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். கேட்டால் எல்லாம் உங்க கை மாப்பிள்ளை என்று சொல்லிவிடுவார், அதைக் கேட்கத் தெம்பில்லை என்றார்.

அவள் காலையில் பார்த்ததைச் சொன்னாள். நான்கு எட்டு. ஒன்பது எட்டு. மூன்று பேன்ட்.

மாமாவின் முகத்தில் மருமகன் போய் டாக்டர் வந்தார். "எத்தனை தடவை போறாரு? ராத்திரி எழுந்திருக்காரா?" தெரியாது என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இதற்கு வழி இருக்கிறது, நிறையவே இருக்கிறது என்றார். தசைப் பயிற்சி உண்டு. மருந்து உண்டு. காலையில் ஒருமுறை தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவிக்கொண்டால் பலருக்கு நாள் முழுக்க நிம்மதி. முழுசாகப் பழையபடி ஆகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஆறு மாதத்தில் மறுபடி தண்ணீரில் இறங்கியவர்களை அவருக்குத் தெரியும்.

"பட்டியல்ல அவர் உயிரோட இருக்காரு, நோய் திரும்பலன்னு ரெண்டு கட்டம் பாத்து நாங்க சந்தோஷப்பட்டுட்டோம்" என்றார். "அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். நாளைக்கே அந்தக் கிளினிக்ல உக்கார வைக்கிறேன்."

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார். மாமா முதுகால் கதவைத் தள்ளி, கைகளைத் தூக்கியபடியே உள்ளே போனார்.

* * *

மூன்றரை மணிக்குச் சின்னவள் எண்ணை அழுத்தினாள்.

காதில் மாட்டும் போன் உடைந்து மூன்று மாதம் ஆகிறது. புதுசு கேட்டு எழுதிப்போட்ட கடிதம் எங்கோ தூங்குகிறது. அதனால் மேஜை போனில் ஸ்பீக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பதிலைத் தட்டச்சு செய்வாள்.

மணி அடித்தது. பிறகு அறை முழுக்கக் குளம் வந்தது. தண்ணீர் தளும்பும் சத்தம், தூரத்தில் யாரோ சிரிப்பது, கூரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி.

யாராக இருந்தாலும் அச்சடித்த தாளில் உள்ளபடியே பேச வேண்டும் என்பதும் விதி.

"வணக்கம் ஐயா. ஆஸ்பத்திரி தொடர் விசாரிப்புல இருந்து பேசறேன்."

"சொல்லுங்க மேடம்" என்றார் அப்பா. வருடாவருடம் அவர் ரசித்து ஆடும் நாடகம் இது. "நீங்க சாப்பிட்டீங்களா மேடம்? உங்க வீட்ல இன்னைக்குச் சமைச்சவங்களுக்கு உப்பு கை அதிகம்."

சமைத்தது அவள்தான். வழக்கமாக இந்த இடத்தில் சிரித்துவிடுவாள். இன்று முதல் கேள்வியைக் கேட்டாள். இல்லை என்றார். இரண்டாவது. இல்லை. மூன்றாவதற்கு, ரெண்டு தடவை மேடம், கடிகாரம் மாதிரி என்றார். நாலாவது இல்லை. ஐந்தாவதாக, ஓடவேண்டிய அவசரம் வருவதுண்டா என்று கேட்டாள்.

"இல்ல."

அவள் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. எதையும் தட்டவில்லை.

"அப்பா" என்றாள். "காலைல அந்தக் கதவுக்கு வெளிய நான் நின்னேன்."

தண்ணீர் தளும்பியது. யாரோ ஒருவர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திப் போகிற சத்தம் கேட்டது.

"அலமாரியையும் பாத்துட்டியா?"

"பாத்தேன்பா."

"பூட்டலையா நான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "அந்தம்மா எப்படி இருக்காங்க தெரியுமா, காலைல முங்கினவங்க? மத்தியானம் போன் பண்ணி விசாரிச்சேன். நல்லா இருக்காங்க. நான் குதிச்சிருந்தா குளத்தையே காலி பண்ணிக் கழுவ வேண்டியிருந்திருக்கும்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

மாமா சொன்ன வழிகளையெல்லாம் அவள் சொன்னாள், யார் சொன்னது என்பதைச் சொல்லாமல். ஆறு மாதம் என்றாள். வாக்குக் கொடுக்க முடியாது என்பதையும் சொன்னாள். மறுபடி தண்ணிக்குள்ள இறங்கலாம்பா, ஆனா உங்க வாயால சொன்னாத்தான் நான் எழுத முடியும், அஞ்சு மணிக்கு ஃபைல் மூடிடும் என்றாள்.

"திரும்ப முதல்லருந்து கேளு" என்றார் அப்பா.

கேட்டாள். அவர் சொன்னார். மேடம் இல்லை, நாடகம் இல்லை. அடக்க முடிவதில்லை. வாரத்தில் மூன்று நாள் கசிவு. ஒரு நாளைக்குப் பதினொன்று, சில நாள் பதினான்கு. போய்வந்து உட்கார்ந்ததும் மறுபடி. பேருந்தில் ஏறிப் பல வருடம் ஆகிறது. அக்கா வீட்டுக்குப் போவதென்றால் முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவார். ஐந்து வருடமாகக் குளத்தோரமே உட்கார்ந்து, அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இரவில் கனவில் இறங்கி நீந்துகிறார், கனவிலும் பாதியில் கரையேறி ஓடுகிறார்.

அவள் ஒவ்வொன்றாக ஏற்றினாள். திரையில் எழுத்துக்கள் கலங்கி, மிதந்து, மறுபடி சேர்ந்தன.

ஐந்து கட்டமும் நிரம்பிவிட்டது. அவள் வேலை முடிந்தது. ஆனால் தாளில் இல்லாத ஆறாவது கேள்வி ஒன்று மிச்சமிருந்தது.

"ஏம்பா? அஞ்சு வருஷம். நான்தானே கேட்டேன். என்கிட்ட ஏன் சொல்லல?"

தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கதவு திறந்தது.

அக்கா. ஒரு கையில் ஸ்கேன் உறை, பிரித்திருந்தது. இன்னொரு கையில் காகிதம் சுற்றிய பெரிய சட்டம். முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணெல்லாம் ஈரம். ஒன்றுமில்லை, எங்கேயும் ஒன்றுமில்லை என்று உதட்டை மட்டும் அசைத்தாள். ஸ்பீக்கரில் தளும்பும் குளத்தைக் கேட்டதும் அப்பா என்று புரிந்துகொண்டு, நான் வந்ததைச் சொல்லாதே என்று விரலை உதட்டில் வைத்தாள். சட்டத்தை மேஜையில் சாய்த்துக் காகிதத்தைச் சத்தமில்லாமல் பிரித்தாள். தலையணைமேல் இரண்டு கைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

சின்னவளின் விரல் ஸ்பீக்கர் பொத்தானை நோக்கிப் போனது. கனவில் போவது போல அவ்வளவு மெதுவாகப் போனது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கஷ்டம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஃபைலைத் திறந்து பாத்திருப்பீங்கம்மா. திறந்தா, அன்னைக்கு என்னை அறுத்தது மாப்பிள்ளை இல்லைன்னு உங்கக்காவுக்குத் தெரிஞ்சு போயிருக்குமே."